ரயில் தாத்தா எவ்வளவு சின்னவர்?

எங்கள் வீட்டில் இரட்டையர் உண்டு. அப்பாவும் பெரியப்பாவும். 1951இல் ராயபுரத்தில் இருபது நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். முதலில் வந்தவர் பெரியப்பா. ஆயா உயிரோடு இருந்தவரை அந்த இருபது நிமிடத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. பொங்கலுக்குத் துணி எடுத்தாலும் சரி, பாயசம் ஊற்றினாலும் சரி, பெரியவனுக்குத்தான் முதலில்.

பெரியப்பா டைலர். திருவொற்றியூர் ஹை ரோட்டில் சின்னக் கடை, நாற்பது வருடமாக அதே மிஷின், அதே ஸ்டூல். அப்பா ரயிலில் கார்டு. 1981இலிருந்து 2011இல் ஓய்வு பெறும்வரை முப்பது வருடம் கும்மிடிப்பூண்டி லைனில் எலக்ட்ரிக் டிரெயினின் கடைசிப் பெட்டியில் நின்றவர். 2022இல் ரயில்வே அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று புதுப்பெயர் வைத்துவிட்டது. அப்பா இன்னும் கார்டு என்றுதான் சொல்கிறார், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த வருடம் இரண்டு பேருக்கும் 75. தண்டையார்பேட்டை வீட்டில் கேக் வெட்டி முடிந்ததும் பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் கேட்டாள். "ஒருத்தர் நாற்பது வருஷம் ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தர் முப்பது வருஷம் ஓடிக்கிட்டே இருந்தார். அப்போ ரயில் தாத்தா எவ்வளவு சின்னவர்?" வேகமாக ஓடுபவருக்கு வயது மெதுவாக ஏறும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் இரட்டையர் புதிரை அவள் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள். சினிமாவில் பார்த்த மாதிரி ஏதோ ஒன்று என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது 'எவ்வளவு' என்று. எவ்வளவு என்று கேட்டால் எண் சொல்ல வேண்டும்.

எனக்கு இந்தப் புதிரோடு பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது இதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதியது இதுதான்: "விண்கலத்தில் போன தம்பி திரும்பும்போது முடுக்கத்துக்கு ஆளாகிறான். அதனால் அவன் வயது குறைகிறது." முடுக்கம் என்றால் வேகமோ திசையோ மாறுவது. முதல் வாக்கியம் சரி. இரண்டாவதில் இருக்கும் 'அதனால்' என்ற சொல்லை நான் நம்பாமலேயே எழுதினேன். திரும்பும் அந்த ஒரு கணத்தில் யார் உடம்புக்குள் என்ன ஆகிறது, ஏன் ஆகிறது என்று வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து மகளோடு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் அந்தச் சொல்லை அடித்துத் திருத்தினேன்.

முதலில் புதிரைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பூமியில் இருக்கிறான். தம்பி ஒளியின் வேகத்தில் 0.6 பங்கு வேகத்தில் பர்னார்டு நட்சத்திரத்துக்குப் போகிறான். அது நம்மிடமிருந்து கிட்டத்தட்ட 6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, அதாவது ஒளிக்கே 6 வருடப் பயணம். தம்பிக்குப் போக 10 வருடம், வர 10 வருடம். அண்ணனுக்கு 20 வயது கூடியிருக்கும். தம்பிக்கு?

ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு தரும் விதி எளிது. வேகத்தை ஒளிவேகத்தின் பங்காக எழுதிக்கொள், அதை வர்க்கப்படுத்து, 1இலிருந்து கழி, வர்க்கமூலம் எடு. 0.6இன் வர்க்கம் 0.36. 1இலிருந்து கழித்தால் 0.64. வர்க்கமூலம் 0.8. ஆக, அண்ணனின் ஒவ்வொரு வருடத்துக்கும் தம்பியின் கடிகாரம் 0.8 வருடம் ஓடும். இருபதுக்குப் பதினாறு. தம்பி நான்கு வயது சின்னவனாகத் திரும்புவான்.

மகள் இங்கேயே மடக்கினாள். "தம்பி சைடுல இருந்து பார்த்தா அண்ணன்தானே நகர்ந்து போறார்? அப்போ அண்ணன் கடிகாரம்தானே மெதுவா ஓடணும்? 16 இன்டு 0.8, 12.8. அண்ணன்தான் சின்னவர்."

சரியான கேள்வி. சென்ட்ரலில் பக்கத்து வண்டி நகரும்போது நம் வண்டி நகர்வது போல இருக்கும், அந்தக் குழப்பம்தான் இங்கேயும். ஆனால் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகத் தூணைப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். வெட்டவெளியில் தூண் கிடையாது. சீராக ஓடும் இரண்டு பேரில் யார் நகர்கிறார் என்ற கேள்விக்கே பொருள் இல்லை என்பதுதான் சார்பியலின் அஸ்திவாரம். அப்புறம் எப்படி ஒருவர் மட்டும் இளையவர் ஆக முடியும்?

இதற்கு நிறைய விடைகள் உண்டு. எனக்கு மனசு ஒப்பியது கடிதக் கணக்கு. யாருடைய கடிகாரம் 'உண்மையில்' எப்படி ஓடுகிறது என்ற பேச்சையே எடுக்காமல், கைக்கு வந்த கடிதங்களை எண்ணினால் போதும்.

இரண்டு பேரும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மற்றவருக்கு ஒரு செய்தி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். செய்தி ஒளிவேகத்தில் போகும். அண்ணன் முதல் செய்தியை 1 வருடம் முடிந்ததும் அனுப்புகிறான். அதற்குள் தம்பி 0.6 ஒளியாண்டு போய்விட்டான், இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். செய்தி துரத்திக்கொண்டு போய் அவனைப் பிடிக்கும்போது அண்ணன் கணக்கில் 2.5 வருடம் ஆகியிருக்கும். (2.5 வருடத்தில் தம்பி போன தூரம் 1.5. செய்தி 1.5 வருடம் ஓடியிருக்கிறது. இரண்டும் ஒன்று.) அப்போது தம்பியின் கடிகாரம் 2.5இல் 0.8 பங்கு, அதாவது சரியாக 2 காட்டும். அண்ணனின் ஒரு வருடச் செய்தி தம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. தம்பி அனுப்புவதை அண்ணன் பக்கம் கணக்கிட்டாலும் இதே விடைதான், இரண்டு வருடத்துக்கு ஒரு செய்தி. இதுவரை யாருக்கும் பாரபட்சம் இல்லை.

கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. வண்டி நம்மை நோக்கி வரும்போது ஹார்ன் கீச்சென்று இருக்கும், தாண்டிப் போனதும் தொய்ந்துவிடும். வரும்போது அலைகள் நெருக்கி வருகின்றன, போகும்போது இடைவெளி விட்டு வருகின்றன. பிறந்தநாள் செய்தியும் அப்படித்தான். 0.6 பங்கு வேகத்தில் விலகிப் போனால் செய்திகள் பாதி வேகத்தில் வரும், நெருங்கி வந்தால் இரு மடங்கு வேகத்தில் வரும்.

இப்போது எண்ணலாம். தம்பியின் கடிகாரத்தில் போக 8 வருடம், வர 8 வருடம். போகும் 8 வருடத்தில் இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று 4 செய்தி வாங்குவான். நட்சத்திரத்தை அடைந்து வண்டியைத் திருப்பியதும், அந்த நிமிடமே, செய்திகள் நெருக்கமாக வர ஆரம்பிக்கும். வரும் 8 வருடத்தில் வருடத்துக்கு இரண்டு என்று 16 செய்தி. மொத்தம் 20.

அண்ணன் பக்கம் பார்ப்போம். தம்பி திரும்பியது 10ஆவது வருடத்தில். ஆனால் அது அண்ணனுக்கு எப்போது தெரியும்? 6 ஒளியாண்டு தூரத்திலிருந்து வரும் செய்தி வந்து சேரவே 6 வருடம். ஆக 16ஆவது வருடம் வரை அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு செய்திதான், மொத்தம் 8. மிச்சம் இருக்கும் 4 வருடத்தில் வருடத்துக்கு இரண்டு என்று இன்னும் 8. கூட்டினால் 16.

வாசலில் தம்பி வந்து இறங்கும்போது அண்ணன் கையில் 16 வாழ்த்து, தம்பி கையில் 20 வாழ்த்து. ஒரு வாழ்த்துக்கு ஒரு பிறந்தநாள். இதில் தர்க்கம் பண்ண எதுவும் இல்லை.

மகள் இதை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "தம்பிக்குப் பாதியிலேயே ஹார்ன் மாறுது. அண்ணனுக்குக் கடைசியிலதான் மாறுது." வேறுபாடு முழுக்க இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. திரும்பியவனுக்குத் தான் திரும்பியது உடனே தெரியும். திரும்பாதவனுக்குச் செய்தி வந்தால்தான் தெரியும். இரண்டு பேர் நிலையும் ஒன்று என்று நாம் நினைத்தது இங்கேதான் உடைகிறது.

சரி, அவள் போட்ட 12.8 என்ன ஆயிற்று? அதுவும் தப்பில்லை, பாதிக் கணக்கு. போகும்போது தம்பி தன் 8 வருடத்தில் அண்ணனுக்கு 6.4 வருடம் ஓடியதாகக் கணக்கிடுவான், வரும்போது இன்னொரு 6.4. கூட்டினால் 12.8, இருபதுக்கு 7.2 குறைகிறது. அந்த 7.2 எங்கே? 'இந்த நிமிடத்தில் அண்ணன் என்ன செய்துகொண்டிருக்கிறான்' என்ற கேள்விக்குப் போகும் தம்பி சொல்லும் விடை வேறு, வரும் தம்பி சொல்லும் விடை வேறு. தூரத்தில் நடப்பதற்கு எல்லாருக்கும் பொதுவான 'இப்போது' கிடையாது. திரும்புவதற்கு முந்தைய கணத்தின் 'இப்போது' அண்ணனின் 6.4ஆவது வருடத்தில் விழுகிறது. திரும்பிய கணத்தின் 'இப்போது' 13.6இல் விழுகிறது. நடுவில் விட்டுப்போனது 7.2. அண்ணனுக்கு அந்தக் கணத்தில் நரை எதுவும் விழவில்லை, அவன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தம்பியின் கணக்குப் புத்தகத்தில் பக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் என் பழைய 'அதனால்' வருகிறது. திருப்பத்தின் உலுக்கல்தான் வயதைக் குறைக்கிறது என்றால், ஒரே மாதிரி உலுக்கல் ஒரே அளவு வயதைத்தான் குறைக்க வேண்டும். தம்பி 6 ஒளியாண்டுக்குப் பதில் 12 ஒளியாண்டு போய் அதே மாதிரி திரும்பட்டும். திருப்பம் அதேதான். ஆனால் வித்தியாசம் 4 வருடத்திலிருந்து 8 வருடம் ஆகிவிடுகிறது. ஓடிய தூரம்தான் கணக்கில் ஏறுகிறது.

திருப்பத்தையே எடுத்துவிடவும் முடியும். இதற்கு அப்பாவின் தொழில் உதவியது. எதிர் லைனில் வண்டி கடக்கும்போது இரண்டு வண்டி ஊழியர்களும் ஒருவருக்கொருவர் 'ஆல் ரைட்' காட்டிக்கொள்ள வேண்டும் என்பது ரயில்வே விதி. பகலில் கொடி அல்லது கை, ராத்திரியில் பச்சை விளக்கு. மீஞ்சூர் தாண்டி இருட்டில் எதிர் வண்டியின் பச்சை விளக்கு ஒரு நொடி ஆடிவிட்டுப் போவதை அப்பா இன்றும் கையை ஆட்டிச் செய்து காட்டுவார். அந்தக் காட்சியை நட்சத்திரத்துக்குக் கொண்டுபோனோம். தம்பி திரும்பவே இல்லை, நேராகப் போய்க்கொண்டே இருக்கிறான். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அதே வேகத்தில் பூமியை நோக்கி வேறொருவன் வருகிறான். கடக்கும் கணத்தில் தம்பி தன் கடிகாரத்தைக் காட்டுகிறான்: 8. எதிரில் வருபவன் தன் கடிகாரத்தை 8 என்று வைத்துக்கொண்டு பூமிக்கு வருகிறான். அவன் வந்து சேரும்போது அது 16 காட்டும், அண்ணனின் கடிகாரம் 20 காட்டும். இதில் யாருக்கும் முடுக்கம் இல்லை, உலுக்கல் இல்லை. நான்கு வருடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் மியூவான் என்ற துகள்களை 14 மீட்டர் விட்டமுள்ள வளையத்தில் ஒளிவேகத்தின் 99.94 சதவீதத்தில் சுற்ற விட்டார்கள். முடிவுகள் 1977இல் வெளிவந்தன. சும்மா இருக்கும் மியூவான் சராசரியாக 2.2 மைக்ரோ செகண்டில் (மைக்ரோ செகண்ட் என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சிதைந்துவிடும். வளையத்தில் ஓடியவை சுமார் 64 மைக்ரோ செகண்ட் இருந்தன, 29 மடங்கு. வளையத்தில் சுற்றுவதால் ஒவ்வொரு கணமும் அவை திரும்பிக்கொண்டேதான் இருக்கின்றன. புவியீர்ப்பைப்போல் பத்தாயிரம் கோடி கோடி மடங்கு முடுக்கம். அவ்வளவு முடுக்கமும் தன் பங்குக்கு எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு அப்படியே சரியாக வந்தது.

அப்படியானால் திருப்பம் எதற்கு? அதற்கான விடை பெரியப்பாவிடம் கிடைத்தது.

கடையை மூடிவிட்டாலும் தெரிந்தவர்களுக்கு ஆல்டர் செய்வதைப் பெரியப்பா விடவில்லை. கீழ் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, சட்டைக்கு ஆம்ஹோல் வரைந்துகொண்டிருந்தார். தோள் முனையில் ஒரு புள்ளி, அக்குளில் ஒரு புள்ளி. முதலில் இஞ்சு டேப்பை இரண்டுக்கும் நடுவில் நேராக இழுத்துப் பிடித்தார். எட்டரை. அப்புறம் டேப்பைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வளைவோடு ஒட்ட வைத்துக்கொண்டே போனார். டேப் அசையாமல் இருக்க மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். பத்து.

நான் கேட்டேன். "பெரியப்பா, அந்த ஒன்றரை இஞ்சு எந்த இடத்துல ஏறிச்சு?"

அவர் தலை நிமிராமல் சொன்னார். "எந்த இடத்துலன்னா? வழி வேற, அளவு வேற. வளைவு பூரா ஏறிச்சு."

அதே செய்தித்தாளில் நான் சாக்பீஸால் ஒரு முக்கோணம் போட்டேன். இரண்டு புள்ளிகளை நேர்கோடு சேர்க்கிறது, அது அண்ணன். அதே இரண்டு புள்ளிகளை நடுவில் ஒரு மூலை திரும்பிப் போகும் இரண்டு கோடுகள் சேர்க்கின்றன, அது தம்பி. இரண்டு வழிகளின் நீளமும் ஒன்றாக இருக்காது என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மூலையால்தான் இது வேறு வழி ஆயிற்று. ஆனால் மூலைக்கென்று தனியாக நீளம் கிடையாது, அளவெல்லாம் இரண்டு பக்கங்களில் இருக்கிறது. முடுக்கம் என்பது அந்த மூலை. என் பரீட்சைத் தாளில் நான் மூலைக்கு நீளம் கொடுத்திருந்தேன்.

காலம் விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம் உண்டு. 1908இல் கணித மேதை ஹெர்மன் மின்கோவ்ஸ்கி காட்டியது அது. காகிதத்தில் சாய்வுக் கோட்டின் நீளத்துக்கு இரண்டு பக்க வர்க்கங்களைக் கூட்டுவோம். காலத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும்போது கழிக்க வேண்டும். தம்பியின் ஒரு பாதிப் பயணம்: பூமிக் கணக்கில் காலம் 10 வருடம், தூரம் 6 ஒளியாண்டு. 100இலிருந்து 36ஐக் கழித்தால் 64. வர்க்கமூலம் 8. அவ்வளவுதான், தம்பியின் 8 வருடம் வந்துவிட்டது. பள்ளியில் படித்த 6, 8, 10 முக்கோணம்தான், கூட்டல் குறி இருந்த இடத்தில் கழித்தல் குறி. அந்தக் குறியால்தான் கதை தலைகீழாகிறது. காகிதத்தில் சுற்று வழி நீளம். காலத்தில் சுற்று வழி குட்டை, நேராக இருந்தவனுக்கே அதிக வயது. கடிகாரம் என்பது காலத்தை அளக்கும் இஞ்சு டேப். வயது என்பது போன வழியின் அளவு. இப்படிச் சொன்னால் யார் நகர்ந்தார் என்ற சண்டைக்கே இடமில்லாமல் போகிறது. வயதைக் கணக்கிட எனக்குத் தெரிந்த மிக நேர்மையான வழி இதுதான்.

ஐன்ஸ்டைன் 1905 கட்டுரையிலேயே இதற்கு விதை போட்டுவிட்டார். ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தால் அது பின்தங்கியிருக்கும் என்றார். 1911இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன் அதை மனிதனுக்குப் பொருத்தினார். இரண்டு வருடம் பயணம் செய்து திரும்பும் ஒருவன் பூமியில் 200 வருடம் கழிந்திருப்பதைக் காண்பான் என்றார். நிஜ இரட்டையரும் போய் வந்திருக்கிறார்கள். நாசாவின் ஸ்காட் கெல்லி 2015-16இல் 340 நாள் விண்வெளி நிலையத்தில் இருந்தார், அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் கீழே இருந்தார். அந்தப் பயணத்தில் ஸ்காட் மிச்சம் பிடித்தது சுமார் 8 மில்லி செகண்ட். ஸ்காட் ஏற்கெனவே 6 நிமிடம் இளையவர்.

இனி எங்கள் கணக்கு.

வேகம் ரொம்பக் குறைவாக இருந்தால் வர்க்கமூலமெல்லாம் தேவையில்லை. வேகத்தை ஒளிவேகத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, பாதியாக்கினால் ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு மிச்சம் என்று வந்துவிடும். அப்பாவிடம் கேட்டோம். கும்மிடிப்பூண்டி லைன் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். ஸ்டேஷனில் நிற்கும் நேரத்தைக் கழித்துவிட்டால் ஒரு நாளைக்குச் சக்கரம் ஓடுவது ஆறு மணி நேரம் என்றார். வேகம் மணிக்கு 60 என்று எடுக்கலாம் என்று நான் சொன்னதும் ஒரு திருத்தம் சொன்னார். "கொருக்குப்பேட்டை வரைக்கும் ஊர்ந்துதான் போவும். பொன்னேரி தாண்டினா பறக்கும். ஒரே மாதிரி போட்டா எப்படி?" உண்மைதான். வர்க்கம் என்பதால் வேகமாக ஓடும் நிமிடம் மெதுவாக ஓடும் நிமிடத்தைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் ஏறும். சாதாரண சராசரி எடுக்கக் கூடாது, வர்க்கங்களின் சராசரி எடுக்க வேண்டும். அவர் சொன்ன வேகங்களை அப்படிப் போட்டுப் பார்த்தோம், 60க்குப் பக்கத்திலேயே வந்தது.

மணிக்கு 60 என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர். ஒவ்வொரு நொடிக்கும் மிச்சம், ஒரு நொடியைக் கோடி கோடியால் வகுத்து வரும் துணுக்கில் சுமார் 0.15 பங்கு. நாளைக்கு 6 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள், 30 வருடம்: 54,000 மணி நேரம், அதாவது 19 கோடியே 44 லட்சம் நொடி. பெருக்கினால் 0.30 மைக்ரோ செகண்ட். அந்த நேரத்தில் ஒளி 90 மீட்டர் போகும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை தண்ணீர் தொட்டி வரை.

பூமி சுழல்வதைச் சேர்க்க வேண்டாமா என்றால், வேண்டும். 1971இல் ஹாஃபல், கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் வைத்து உலகைச் சுற்றினார்கள். கிழக்கே போனவை 59 நானோ செகண்ட் (நானோ செகண்ட் என்பது மைக்ரோ செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பின்தங்கின, மேற்கே போனவை 273 நானோ செகண்ட் முந்தின. அது பூமிச் சுழற்சியோடு கூடிப் போனதற்கும் எதிர்த்துப் போனதற்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அப்பா உலகைச் சுற்றவில்லை. போன தண்டவாளத்தை ஒட்டியே திரும்பினார். போகும்போது ஏறியது வரும்போது அடிபட்டுப் போகிறது.

பேனாவை மூடப் போனபோது மகள்தான் கேட்டாள். "ஜிபிஎஸ்ல உயரமும் கணக்குல வருமே?"

வரும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள் வேகத்தால் நாளைக்கு 7 மைக்ரோ செகண்ட் பின்தங்குகின்றன, உயரத்தால் 45 மைக்ரோ செகண்ட் முந்துகின்றன. ஈர்ப்பு விசையின் ஆழத்தில் காலம் மெதுவாக ஓடும், மேலே போகப் போக வேகமாக ஓடும். அதற்கு விண்வெளிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. 2010இல் அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யின் ஆய்வகத்தில் இரண்டு அலுமினிய அயனிக் கடிகாரங்களை வைத்து, ஒன்றை வெறும் 33 சென்டிமீட்டர் தூக்கி, அந்த வித்தியாசத்தை அளந்துவிட்டார்கள். இரண்டு படிக்கட்டு உயரம். அதே ஆய்வில் நொடிக்கு 10 மீட்டருக்கும் குறைவான வேகத்தின் விளைவையும் அளந்தார்கள், அப்பாவின் வண்டியைவிட மெதுவான வேகம். நாங்கள் மொட்டை மாடியில் போட்ட கணக்கு அளக்கவே முடியாத கற்பனை இல்லை என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எங்கள் வீட்டில் பெரியப்பா கீழே, நாங்கள் மாடியில். ஒரு தளம் 3 மீட்டர். 1993இல் மாடி கட்டிய பிறகுதான் அப்பா மேலே வந்தார், அதற்கு முன்னால் எல்லாரும் கீழ் போர்ஷனில்தான். 1993 முதல் 2011 வரை நாளைக்கு 14 மணி நேரம் வீட்டில் என்று வைத்தால், உயரத்தால் அப்பாவுக்குக் கூடிய வயது 0.108 மைக்ரோ செகண்ட். ஓய்வுக்குப் பிறகு பதினைந்து வருடம், நாளைக்கு 20 மணி நேரம் மாடியில்: இன்னொரு 0.129. ரயில் பெட்டியின் தளம் தரையைவிட ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, பெரியப்பா கடையும் சாக்கடைக்கு மேல் நாலு படி. அவை இரண்டையும் ஒன்றுக்கொன்று சரி என்று விட்டுவிட்டோம். கடலோரச் சமதளத்தில் ஓடும் லைன், வேறு ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை.

0.300இலிருந்து 0.108, அப்புறம் 0.129. மிச்சம் 0.063. ரயில் தாத்தா 63 நானோ செகண்ட் சின்னவர். ஒளி 19 மீட்டர் போகும் நேரம்.

அப்பா கணக்கு எழுதிய காலண்டர் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கார்டு வேலையில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் வந்த நேரம், விட்ட நேரம் எழுதிய கை. "இது இன்னும் குறைஞ்சிக்கிட்டேதான் இருக்கா?" என்றார். இருக்கிறது. வருடத்துக்கு எட்டரை நானோ செகண்ட் வீதம் மாடி தின்றுகொண்டிருக்கிறது. இப்படியே போனால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பேருக்கும் 82 நடக்கும்போது, முப்பது வருட ஓட்டத்தில் சேர்த்தது தீர்ந்துவிடும்.

முட்டி வலி தொடங்கியதிலிருந்தே கீழே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லிப் பெரியப்பா கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கட்டிலைக் கீழே இறக்கினோம். பெரியப்பாவின் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ண வேண்டியிருந்தது.